ஜூனிபர் கிளையில் ஒரு தொட்டில்

ஆரணியில் மோட்டார் எரிந்துபோனால் தருமனிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். விசைத்தறி மோட்டார், அரிசி ஆலை மோட்டார், கிணற்று மோட்டார் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவன் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி 'ஜல்தி, ஜல்தி' என்பார்கள். தருமன் யாருக்காகவும் ஜல்தியாக எதையும் செய்தவன் இல்லை. கருகிய செம்புச் சுருளை அறுத்தெடுத்து, கம்பி உட்காருகிற காடிகளைச் சுரண்டித் துடைத்து, புதுக் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று ஒட்டி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கையில் கொடுப்பதற்குள் கொண்டுவந்தவன் டீக்கடைக்கும் கடைக்கும் நடந்தே களைத்துப் போவான். ஆனால் அவன் சுற்றிய மோட்டார் லேசில் எரியாது. அதனால் திட்டிக்கொண்டாவது அவனிடமே வந்தார்கள்.

பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவன். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்காருவது பிடிக்கவில்லை என்று கம்பி சுற்றப் போய்விட்டான். அவன் மனைவி அபிதகுசாம்பாள் வீட்டில் ராட்டையை வைத்துக்கொண்டு தெருவில் உள்ள தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றுகிற வேலை அது. அவ்வளவு நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் யாருக்கும் பொறுமை கிடையாது. எல்லோருக்கும் அவள் அபிதா. "அவரு செம்பு சுத்தறாரு, நான் பட்டு சுத்தறேன். எங்க வூட்டுல நேராப் போற சாமானே கெடையாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்த பெண். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவள் சிரிக்காத காலம் கொஞ்சம் வருகிறது.

தொண்ணூற்று மூன்றில் கம்பி வாங்கப் பெங்களூர் போன தருமன், திரும்பும்போது மடியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். பைக்குள் ஒரு செடி. கொடுத்தவன் ஏசுதாஸ். ஆரணிக்காரன்தான், தருமனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பெங்களூரில் ஒரு பெரிய வீட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். அந்த வீட்டு மாடியில் தட்டையான தொட்டிகளில் முழங்கை உயரத்துக்கு மேல் போகாத மரங்கள் இருந்தன. உயரம்தான் முழங்கை, மற்றபடி மலையுச்சியில் காலங்காலமாகக் காற்றில் அடிபட்டு நிற்கிற கிழட்டு மரங்களின் தோற்றம். தருமன் அவற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்தவன், கம்பிக் கடை சாத்துகிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சிலருக்குச் சில சமயம் அப்படி நேர்ந்துவிடுகிறது.

ஏசுதாஸ் கொடுத்தது ஜூனிபர். குளிர்ந்த ஊர்களில் வளர்கிற மரம். ஆரணிச் சித்திரை வெயிலில் அது பிழைத்ததே தருமனின் பிடிவாதத்தால்தான். கமண்டல நாகநதி மணலைச் சலித்து, செங்கல்லைப் பொடியாக உடைத்துக் கலந்து, தண்ணீர் நிற்காமல் ஓடுகிற மாதிரி தொட்டி கட்டினான். மாடியில் தென்னங்கீற்று மறைப்பு, கீழே நனைத்த கோணி, சாயங்காலம் இலைமேல் தண்ணீர்த் தெளிப்பு. தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சவுக்குக் கன்றுக்கா இத்தனை உபசாரம் என்று போனார்கள்.

பஸ் ஏற்றிவிடும்போது ஏசுதாஸ் சொன்ன பாடம் ஒரே வரிதான். "கெளையில கம்பி சுத்தி, மெதுவா வளைச்சி வெக்கணும்டா. கம்பி சுத்தறதை உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

சொல்லித் தந்திருக்க வேண்டும். தருமன் தனக்குத் தெரிந்தபடி சுற்றினான். மோட்டாரில் இறக்குவது போலவே, சுற்றோடு சுற்று ஒட்டி, நடுவில் ஊசி நுழைய இடமில்லாமல், அடியிலிருந்து நுனிவரை பளபளவென்று. பார்க்க அவ்வளவு அழகு. கடைக்கு வந்தவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு கிளைகள் பழுத்து, உதிர்ந்து, குச்சியாகிவிட்டன. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த ஏசுதாஸ் மாடிக்கு ஏறிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"டேய் பாவி, இது மோட்டார் ஸ்டேட்டர் இல்லடா! சாய்வாப் போவணும். சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல வெரல் வுடற மாதிரி எடம் வேணும். அது மூச்சு வுட வேணாமா?"

ஆரணியில் கம்பி சுற்றுகிறவன் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். தருமனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவன் விடுகிற ஆளும் இல்லை. புதுக் கம்பி விறைப்பாக இருக்கிறது, வளைத்தால் திரும்பி எழுகிறது என்று கண்டதும், எரிந்த மோட்டார்களில் இருந்து உருவிய பழைய செம்பை அரிசி ஆலைப் பக்கம் கொட்டிக் கிடக்கும் உமியில் புதைத்துத் தீ வைத்தான். உமித் தீ அவசரப்படாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். ஆறியபின் எடுத்தால் கம்பி வாழை நார் போலக் குழைந்து வந்தது. சுற்றி வளைத்தபிறகு அதுவே இறுகி நின்றது. எடுக்கும்போது பிரிக்கக் கூடாது, துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்பதை இன்னொரு கிளையை ஒடித்துத் தெரிந்துகொண்டான்.

வளைக்கிற நாளுக்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துவிடுவான். வயிறு நிறையக் குடித்த கிளை சட்டென்று ஒடியும், கொஞ்சம் தாகத்தோடு இருந்தால் பணியும். நனைத்த வாழை நாரைக் கிளைமேல் சுற்றி, அதன்மேல் கம்பியைச் சாய்வாக ஏற்றி, வளைய வேண்டிய இடத்துக்கு அடியில் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து, காதைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு இழுப்பான். உள்ளே நரம்பு தெறிக்கிற மாதிரி சின்னச் சத்தம் கேட்டால் அன்றைக்கு அதோடு சரி. மிச்சம் அடுத்த மாதம். அபிதா கீழேயிருந்து காபி ஆறிப்போகிறது என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். கடைசியில் அவளே மேலே கொண்டுவந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா சொல்லுது உங்க மரம்?" என்று கேட்பாள்.

எல்லாக் கிளையும் பணிந்தது. இடப்பக்கத்து அடிக்கிளை ஒன்று மட்டும் பணியவில்லை. கட்டைவிரல் கனம். மற்றவை எல்லாம் கீழே தாழ்ந்து விரிய, அது மட்டும் சண்டைக்காரன் கைபோல மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஒருமுறை வளைக்கப் பார்த்தான், பலமாகச் சத்தம் கேட்டது. பயந்து விட்டுவிட்டான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த ஊரில் ஒரு வீட்டில் பிள்ளை இல்லையென்றால் காரணம் சொல்லத் தெரு முழுவதற்கும் உரிமை வந்துவிடும். எதிர்வீட்டுச் சின்னம்மாள் கண்டுபிடித்த காரணம் ஜூனிபர். "வளர்றதுக்கு வெலங்கு மாட்டி வெச்சிக்கினு கீறாரு உன் புருசன். குட்டையாக்குன மரம் இருக்கிற வூட்டுல இன்னா தழைக்கும்?" என்றாள். மரம் வருவதற்கு முன்னாலும் பிள்ளை இல்லையே என்று கேட்க அபிதாவுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள், அவளுக்குச் சின்னம்மாள்மேல் பிரியம் உண்டு. சின்னம்மாள் நல்லவள்தான், வாய்தான் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது.

தொண்ணூற்று ஐந்தில் அபிதா உண்டானாள். தருமன் அந்த வருஷம் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே கம்பி சுற்றினான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. கலைந்ததோடு நிற்கவில்லை, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வாடகை வண்டி பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவில், அவள் ரத்தம் காய்ந்து விறைத்த சட்டையோடு தருமன் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தான். யாராவது கதவைத் திறந்தால் எழுந்து நிற்பான். அவர்கள் வேறு யாரையாவது கூப்பிட்டால் உட்காருவான். அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துத்தான் பேசினார். இனிமேல் உண்டாவது கஷ்டம். உண்டானால் தாயின் உயிருக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டு பேரும் அதே சொல்லைத்தான் கேட்டார்கள். தருமன் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான். அபிதா அதை ஒரு டாக்டரின் அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டாள். "கஷ்டம்னுதான சொன்னாங்க, ஆவாதுன்னா சொன்னாங்க?" என்றாள். அதன்பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். அவள் நம்பிக்கொண்டிருந்தாள், அவன் பயந்துகொண்டிருந்தான். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே சத்தம் இல்லாமல் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

படவேட்டு ரேணுகாம்பாளுக்குத் தொட்டில் கட்டுவதாக அபிதா வேண்டிக்கொண்டாள். ஆனால் கொஞ்ச காலம் உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் போகிற பஸ் குலுங்குகிற குலுக்கலில் தேங்காய்க்கே விரிசல் விடும். சின்னம்மாள்தான் போய்வந்தாள். குங்குமமும், மஞ்சளும், பாதத்தில் வைத்து எடுத்த ஒரு கூழாங்கல்லும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத்த துணியில வெச்சித் தொட்டிலாக் கட்டு. மரத்துல கட்டணும்."

"எந்த மரத்துல கட்றது? இங்க எங்க கீது மரம்?"

"மாடியில ஒண்ணு கீதே. மரம்னா மரந்தான். ஆத்தாளுக்குத் தெரியாதா?"

வம்சத்தைக் கெடுக்கும் என்று சொன்ன மரத்தையே இவள் கோயில் மரமாக்கிவிட்டாள். இந்த மாதிரி ஆட்களோடு வாதாட முடியாது, நேசிக்கத்தான் முடியும்.

மற்ற ஊர்களில் பழம்புடவைக் கிழிசலில்தான் தொட்டில் கட்டுவார்கள். நாலு மழையில் அது இற்று விழுந்துவிடும். அபிதா ஆரணிக்காரி. கல்யாணப் புடவையின் ஓரத்தில் ஒரு சாண் கிழித்துத் தொட்டிலாக்கினாள். தார் சுற்றி மிஞ்சிய பட்டு நூலை மூன்று புரியாக முறுக்கி மஞ்சளில் நனைத்துக் கயிறாக்கினாள். யானை இழுத்தாலும் அறாத கயிறு. கம்பி சுற்றாத கிளை அந்த இடப்பக்கத்து அடிக்கிளை ஒன்றுதான் என்பதால், அதில் கட்டினாள்.

கட்டின தொட்டிலுக்கு ஒரு முறை உண்டு. வேண்டியது பலித்தால் கட்டாயம் அவிழ்க்க வேண்டும். பலித்தபின் மரத்திலேயே விட்டுவைத்தால் ஆத்தாளை மறந்ததாகிவிடும். பலிக்கும் முன்னால் அவிழ்த்தாலோ, கேட்டது வேண்டாம் என்று நாமே சொன்னதாகிவிடும்.

மறுநாள் தருமன் பார்த்தான். கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை அவன். கேலி செய்கிற ஆளும் இல்லை. தண்ணீர் தெளிக்கும்போது தொட்டிலில் படாமல் தெளித்தான். சில மாதம் கழித்துத்தான் கவனித்தான், கிளை இறங்கியிருந்தது. அவன் கைக்கும் செம்புக்கும் பணியாத கிளை, ஒரு கூழாங்கல் ராப்பகலாக இழுத்த இழுப்புக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் ஆடியில் வேறொன்றும் கண்ணில் பட்டது. பட்டுக் கயிறு பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. கயிற்றுக்கு மேலே கிளை வீங்கியிருந்தது. அப்படியே விட்டால் அந்த இடத்துக்கு அப்பால் கிளை செத்துவிடும். கிளை போனால் போகட்டும் என்றுகூட அவன் விட்டிருப்பான். ஆனால் தொட்டில் கட்டிய கிளை பட்டுப்போனால் அவள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்?

சொல்லியிருக்கலாம். "கயிறு அறுக்குது, தள்ளிக் கட்டலாமா?" என்று ஒரு வார்த்தை. அவள் கூடாது என்றால் கிளை சாகும். சரி என்றால் வேண்டுதலைத் தானே கலைத்தோம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருப்பாள். அதனால் சொல்லாமல் செய்வதென்று முடிவு கட்டினான். புருஷன்மார் செய்கிற முட்டாள்தனங்களில் பாதி, பெண்டாட்டிக்கு வருத்தம் வரக் கூடாது என்று செய்வதுதான்.

ஆடித் திருவிழாவுக்கு அபிதா சந்தவாசலில் இருக்கும் தம்பி பழனி வீட்டுக்குப் போவாள். அவள் பஸ் ஏறியபின் தருமன் மாடிக்குப் போனான். மழையில் ஊறிக் காய்ந்த பட்டு முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. மோட்டார் காடிக்குள் கம்பியை அழுத்துகிற மூங்கில் சீவலை எடுத்து நெம்பி நெம்பி அவிழ்த்தான். தொட்டில் கையில் வந்ததும், குளிக்காமல் தொட்டுவிட்டோமே என்று தோன்றியது. கீழே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு திரும்பி வந்தான். அதே பழைய கயிற்றால், புண்ணுக்கு ஒரு விரல் தள்ளி, அவள் போட்டது போலவே மூன்று முடிச்சுப் போட்டான்.

முடிச்சுப் போடும்போது எதையாவது வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பழக்கம் இல்லாத வாய். "கெளை ஒடியக் கூடாது" என்றுதான் வந்தது. அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அவள் கேட்டதையே தானும் கேட்க வேண்டும் என்று நினைத்தான். கேட்டால் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கண்ணுக்குள் அந்த வராண்டா வந்து நின்றது. "இவளை எடுத்துக்காத. எனக்கு இவ இருந்தா போதும்" என்று சொல்லிக் கடைசி முடிச்சை இறுக்கினான். அவள் தொட்டிலை எடுத்து அவள் கேட்டதற்கு எதிராகக் கேட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அவனை விடவில்லை. இறங்கி வரும்போது திருடன் மாதிரி இறங்கி வந்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆடியிலும் அவள் சந்தவாசல் போக, இவன் தலை முழுகி, அவிழ்த்து, ஒரு விரல் தள்ளிக் கட்டினான். ஒவ்வொரு வருஷமும் அதே வேண்டுதல். கிளை என்ற பேச்சே பிறகு அதில் இல்லை.

ஊர் மாறிக்கொண்டிருந்தது. விசைத்தறிகள் பெருகின, தருமனுக்கு ஓய்வில்லை. கடைப்பலகைக்கு மேலே ஒரு போன் வந்தது. ஜூனிபர் மட்டும் முழங்கை உயரத்திலேயே நின்று அடி பருத்துக்கொண்டிருந்தது. ஏசுதாஸ் தலை நரைத்து வந்து பார்த்தபோது, அந்த இடக்கிளைக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றான்.

"யார்ரா இத்த எறக்குனது?"

"அவதான்" என்றான் தருமன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ ஆடியில் அபிதா வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். சந்தவாசலில் தம்பி வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. பழனியின் மகளுக்கு அம்மை. அம்மை பார்த்த வீட்டுக்குள் வெளியூரிலிருந்து போய் நுழையக் கூடாது. வாசலிலேயே நின்று தம்பியிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். வீடு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். மாடிப்படியில் ஈரக் கால்தடம் இருந்தது. ஏறினாள்.

தருமன் ஈர வேட்டியோடு மரத்தின் முன்னால் குந்தியிருந்தான். கையில் தொட்டில்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி வாட்டி?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "வருசா வருசம்" என்றான். "கயிறு அறுத்துகினு போச்சு அபிதா. கெளை செத்துப் பூடும். அதான் தள்ளித் தள்ளி..."

"நான் கேட்டுகினே இருந்தேன்" என்றாள் அவள். "நீங்க அவுத்து வுட்டுகினே இருந்தீங்க."

அவன் தொட்டிலை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கட்டுங்க. நான் பாக்கறேன்."

அவன் கட்டினான். அவள் கண்முன்னால் கட்டும்போதும் உதடு தன்பாட்டில் அசைந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அவள் திரும்பி இறங்கிப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், ராட்டையைச் சுற்றினாள். பேசவில்லை. தெருவிலும் யாரிடமும் சொல்லவில்லை. சின்னம்மாள் இரண்டு மூன்று தடவை தூண்டில் போட்டுப் பார்த்தாள். "உடம்பு சரியில்லக்கா" என்றதோடு சரி. சொல்லியிருந்தால் தெருவே தருமனைக் காறித் துப்பியிருக்கும். அவள் சொல்லவில்லை என்பதை அவன் கவனித்தான், அதனால் இன்னும் அதிகமாக வேதனைப்பட்டான். அந்த மாதம் அவன் சுற்றிக் கொடுத்த அரிசி ஆலை மோட்டார் ஒன்று புகைந்துபோய்த் திரும்பி வந்தது. அவன் தொழிலில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மாடிக்கு அவன் போகவே இல்லை. ஆனாலும் தொட்டி மண் காயாமல் இருந்தது. தண்ணீர் ஊற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவனுக்குக் குழம்பு ஊற்ற வந்தவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கட்டும்போது வாய் அசைஞ்சுதே. இன்னா கேட்டீங்க?"

தருமன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "மொத வாட்டி கெளை ஒடியக் கூடாதுன்னு கேட்டேன்."

"அப்பறம்?"

"உன்னை எடுத்துக்கக் கூடாதுன்னு."

"புள்ள?"

"கேக்கல. கேக்க வாய் வர்ல அபிதா. நீ உள்ள மயங்கிக் கெடந்தே, உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெளிய உக்காந்துகினு இருந்தேன். கதவு தொறக்கும்போதெல்லாம் நீ செத்துப் பூட்டேன்னு சொல்லத்தான் வராங்கன்னு நெனச்சேன். மறுபடியும் என்னால அங்க உக்கார முடியாது. வருசா வருசம் அதையேதான் கேட்டேன். உன் தொட்டில்ல கேட்டது தப்புதான்."

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டாள். கையைக் கழுவிக்கொண்டாள். "வாங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். அவன் எச்சில் கையோடு பின்னால் போனான்.

வெயில் கொளுத்தியது. மரத்துக்கு அடியில் இருந்த ஈரக் கோணிமேல் கால்சூடு தாங்காமல் இரண்டு பேரும் நெருங்கி நின்றார்கள்.

"உங்க வேண்டுதல் பலிச்சுதா இல்லியா?"

அவனுக்கு விளங்கவில்லை.

"நான் கீறேனா இல்லியா? உங்க எதிர்ல நிக்கிறேனே."

"கீறே."

"அப்ப பலிச்சிடுச்சு. பலிச்சதை மரத்துல வுட்டு வெக்கக் கூடாது." இவ்வளவையும் கறாராகச் சொன்னவள் தொட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "என்னுது பலிக்கல. அது எனக்கு எப்பவோ தெரியும். அவுக்கத்தான் வழி தெரியாம இருந்துச்சு. பலிக்காததை எப்படி அவுக்கறதுன்னு எனக்கு எவளும் சொல்லித் தர்லியே."

தொட்டி ஓரத்தில் அன்றைக்கு விட்டுப்போன மூங்கில் சீவலை அவன் எடுத்து நீட்டினான். அவளே மூன்று முடிச்சையும் நெம்பி எடுத்தாள். தொட்டிலைப் பிரித்துக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, கிளை எழும் என்று பார்த்தபடி நின்றாள். அது எழவில்லை.

"ஏன் அப்படியே நிக்குது?"

"இனிமே எழாது. ரொம்ப நாளு பழகிடுச்சு" என்றான்.

அவள் கோணிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வேலூரிலிருந்து வந்தபிறகு அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் அழுதான். எதிர்மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த சின்னம்மாள் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிப் போனாள்.

அழுது ஓய்ந்ததும் அபிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்ற வெள்ளிக்கெழம படவேட்டுக்குப் போறோம். வேண்டுனது நீங்க. பொங்கல் நீங்கதான் வெக்கணும்."

"எனக்கு வெக்கத் தெரியாதே."

"வெச்சிப் பாருங்க. நான்தான் பக்கத்துலயே இருப்பேன் இல்ல?"

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், புகை கண்ணைக் கரிக்க, தருமன் பொங்கல் வைத்தான். அடிப்பிடித்துவிட்டது. அபிதா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.